வீடியோ பிளேயருக்கு பிளகின்: பிளேயர் கூப்பிடும், நாம் போக வேண்டும்

ஒரு மணி நேரப் பாட வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஓர் இடம் முக்கியமாகப் படுகிறது. அந்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். வீடியோவை நிறுத்தி, கீழே ஓடும் நேரத்தைப் பார்த்து, நோட்பேடைத் திறந்து தட்டச்சு செய்து, மறுபடி பிளேயருக்கு வருவதற்குள் பாடத்தின் தொடர்ச்சியே அறுந்துபோகிறது. விஎல்சி பிளேயரில் புக்மார்க் வசதி உண்டு. ஆனால் நேரத்தையும் நம் குறிப்பையும் சேர்த்து ஒரு உரைக்கோப்பில் அது எழுதித் தராது. அந்த ஒரு பொத்தானை நாமே சேர்த்துக்கொள்ளலாம். அதற்குத் தேவைப்படுவது நாற்பது வரி நிரல்தான்.

பிளேயரின் மூல நிரலில் கைவைக்காமல், வெளியிலிருந்து ஒரு வசதியைச் சேர்க்கும் இப்படிப்பட்ட சிறு நிரல்தான் பிளகின். செருகுநிரல் என்றும் சொல்வார்கள். பிளேயருக்குப் பிளேயர் பெயர் மாறும். விஎல்சியில் லுவா மொழியில் எழுதுவது எக்ஸ்டென்ஷன், சி மொழியில் எழுதுவது மாட்யூல். எம்பிவி பிளேயரில் எல்லாமே ஸ்கிரிப்ட். இந்தக் கட்டுரை பெரும்பாலும் விஎல்சியின் 3-ஆம் பதிப்பை வைத்து நடக்கிறது. நடுவில் எம்பிவியையும் எட்டிப் பார்க்கும். ஒரு முன்குறிப்பு: ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிப்புக்காகத் தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும்.

யார் யாரைக் கூப்பிடுவது?

சாதாரணமாக நிரல் எழுதும்போது கடிவாளம் நம் கையில் இருக்கும். முதல் வரியில் தொடங்கி, வேண்டிய ஃபங்ஷன்களை நாம் கூப்பிட்டு, கடைசி வரியில் முடிப்போம். பிளகினில் இது தலைகீழ். ஓடிக்கொண்டிருப்பது பிளேயர். அது தனக்குத் தேவையான நேரத்தில் நம் ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். நாம் போய், வேலையை முடித்து, உடனே திரும்ப வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

அதனால் எந்த ஃபங்ஷனை எழுதும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இதைப் பிளேயர் எப்போது கூப்பிடும்? கூப்பிடும் நேரத்தில் எதெல்லாம் தயாராக இருக்கும்? நான் எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான விடை இடத்துக்கு இடம் மாறும். ஒரு பொத்தானுக்கான ஃபங்ஷன் அரை விநாடி எடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் படத்தின் ஒவ்வொரு பிரேமையும் தொடும் நிரலுக்கு, விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் மொத்தமே 40 மில்லிவிநாடிதான் அவகாசம். 60 பிரேம் என்றால் 17-க்கும் குறைவு. அதிலும் சுருக்கிவைத்த வீடியோவை விரித்துப் படமாக்கும் டிகோடருக்கும் திரையில் வரைவதற்கும் போக மிஞ்சுவதுதான் நமக்கு.

விஎல்சியில் உள்ளே நுழையும் வாசல்கள்

விஎல்சி 1996-இல் எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. அதன் கட்டமைப்பில் ஒரு விசேஷம்: நடுவில் இருக்கும் மையப் பகுதி மிகச் சிறியது. எம்பி4 கோப்பைப் பிரிப்பது, ஒலியை டிகோட் செய்வது, திரையில் வரைவது, நாம் பார்க்கும் ஜன்னலும் பொத்தான்களும்கூட, எல்லாமே தனித்தனி மாட்யூல்கள். லுவா ஸ்கிரிப்டுகளை ஓட்டுவதற்கும் ஒரு மாட்யூல்தான். ஆக, பிளகின் என்பது விஎல்சிக்குப் பிறகு ஒட்டவைத்த ஒன்று அல்ல. அந்தப் பிளேயரே பிளகின்களால் ஆனது.

லுவா வழியில் பல வகை ஸ்கிரிப்டுகள் உண்டு. பிளேலிஸ்ட் ஸ்கிரிப்ட், ஒரு இணைய முகவரியைக் கொடுத்தால் அதிலிருந்து உண்மையான வீடியோ முகவரியைக் கண்டுபிடித்துத் தரும். மெட்டா ஸ்கிரிப்ட், ஆல்பம் படம் போன்ற விவரங்களைத் தேடும். இன்டர்ஃபேஸ் ஸ்கிரிப்ட் பின்னணியில் தொடர்ந்து ஓடும். எக்ஸ்டென்ஷன்தான் மெனுவில் தெரிந்து, பயனர் கிளிக் செய்ததும் பெட்டி காட்டி வேலை செய்வது. இது 2010-இல் 1.1 பதிப்போடு வந்தது. தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை எக்ஸ்டென்ஷன்தான். கம்பைலர் வேண்டாம், வெறும் உரைக்கோப்பு போதும், தப்பு செய்தாலும் பிளேயர் பொதுவாக விழாது.

லுவா மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1993-இல் பிரேசிலில் பிறந்த இந்தச் சிறிய மொழியை வேறு ஏதாவது நிரல்மொழி தெரிந்தவர் ஓரிரு நாளில் பிடித்துக்கொள்ளலாம். சறுக்கும் இடங்கள் சிலவே. பட்டியல் எண்ணிக்கை 0-இல் அல்ல, 1-இல் தொடங்கும். நில் (nil, 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு), ஃபால்ஸ் இரண்டு மட்டுமே பொய், 0-கூட உண்மைதான். 'சமமில்லை' என்பதற்கு ~= குறி. இரண்டு சொற்றொடர்களை ஒட்ட இரண்டு புள்ளி. 'லோக்கல்' என்று சொல்லாத மாறி எல்லாம் குளோபல். இன்னொன்று, விஎல்சியின் அதிகாரபூர்வ வெளியீடுகளில் இருப்பது லுவா 5.1. புதிய பாடங்களில் வரும் இரட்டைச் சாய்கோட்டு முழுஎண் வகுத்தல், பிட் குறிகள் எல்லாம் அதில் கிடையாது. எழுதினால் கோப்பு ஏறவே ஏறாது.

கோப்பு எங்கே போக வேண்டும்

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து, சதவிகிதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதற்குள் விஎல்சி, அதற்குள் லுவா, அதற்குள் எக்ஸ்டென்ஷன்ஸ். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் .லோக்கல், அதற்குள் ஷேர், பிறகு அதே விஎல்சி, லுவா, எக்ஸ்டென்ஷன்ஸ். லுவா என்ற ஃபோல்டர் பெரும்பாலும் இருக்காது. நாம்தான் உருவாக்க வேண்டும். லினக்ஸில் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து நிறுவும் முறைகள்) வழியாக விஎல்சியை நிறுவியிருந்தால் இந்த இடம் வேறு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பிளேயர் தனக்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில்தான் தேடும். "கோப்பைச் சரியான இடத்தில்தான் வைத்தேன், மெனுவில் வரவில்லை" என்ற புலம்பலில் பாதிக்கு இதுவே காரணம்.

மீதிப் பாதிக்கு நோட்பேட் காரணம். அதில் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் சத்தமில்லாமல் .டெக்ஸ்ட் வால் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் வால்களை மறைத்துவைப்பதால் கண்ணுக்கும் தெரியாது. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் முறை) என்று சேமித்தால் கோப்பின் முதலில் பிஓஎம் என்ற மூன்று பைட் குறியையும் சேர்த்துவிடும். லுவா 5.1-க்கு அந்த மூன்று பைட்டை விழுங்கத் தெரியாது. முதல் வரியிலேயே புரியாத குறி என்று நின்றுவிடும். நிரல் எழுதவென்றே இருக்கும் எடிட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 என்று அமைத்துவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

நேரக் குறிப்பு எக்ஸ்டென்ஷன், படிப்படியாக

முதல் ஃபங்ஷன் டிஸ்கிரிப்டர். இது ஒரு டேபிளை, அதாவது பெயரும் மதிப்புமாக அமைந்த ஒரு பட்டியலை, திருப்பித் தர வேண்டும்: டைட்டில், வெர்ஷன், ஆத்தர், ஷார்ட்டெஸ்க், டிஸ்கிரிப்ஷன், கேபபிலிட்டீஸ். மெனுவில் தெரியும் பெயர் இங்கிருந்துதான் வருகிறது; டைட்டில், ஷார்ட்டெஸ்க் இரண்டிலும் ஒரே பெயரை வைத்துவிடுங்கள். "நேரக் குறிப்பு" என்று தமிழிலேயே எழுதலாம். கேபபிலிட்டீஸ் என்பது எந்தெந்தச் சமயத்தில் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று பிளேயரிடம் பெயர் கொடுத்துவைப்பது. வீடியோ மாறும்போது தெரிய வேண்டுமா? இன்புட்-லிசனர் என்று எழுதி, இன்புட்_சேஞ்ச்ட் என்ற ஃபங்ஷனை வைத்திருக்க வேண்டும். ஓட்டம், நிறுத்தம் தெரிய பிளேயிங்-லிசனர். நம் வேலைக்கு இவை எதுவும் தேவையில்லை, அதனால் வெற்று டேபிள் போதும். தேவையில்லாத பெயரைச் சேர்த்துவிட்டு அதற்கான ஃபங்ஷனை எழுதாமல் விடுவது வீண் எச்சரிக்கைகளுக்கு வழி.

இங்கே முதல் கேள்வி வேலைக்கு வருகிறது: டிஸ்கிரிப்டரை எப்போது கூப்பிடுவார்கள்? பிளேயர் எக்ஸ்டென்ஷன்களைத் தேடிப் பட்டியல் போடும்போது. அந்தக் கட்டத்தில் நம் கோப்பு முழுவதும் ஒரு முறை வாசிக்கப்படும். ஆனால் விஎல்சி தரும் பொருள்கள் எதுவும் அப்போது தயாராக இருக்காது. ஃபங்ஷன்களுக்கு வெளியே, கோப்பின் மேல்மட்டத்தில், விஎல்சியின் பொருளைத் தொடும் ஒரே ஒரு வரி இருந்தாலும் வாசிப்பு அங்கேயே முறிந்து, மெனுவில் பெயர் வராது. "ஓடும் வீடியோவின் பெயரை முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்வோம்" என்று மேலே ஒரு வரி போடுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அதை ஆக்டிவேட்டுக்குள் தள்ளுங்கள்.

ஆக்டிவேட் என்பது பயனர் மெனுவில் நம் பெயரைக் கிளிக் செய்ததும் கூப்பிடப்படுவது. இதில் பெட்டியை உருவாக்குகிறோம். விஎல்சியின் டயலாக் ஃபங்ஷனுக்குத் தலைப்பைக் கொடுத்தால் ஒரு பெட்டி வரும். அதன் மேல் ஒரு லேபிள், ஓர் எழுத்துப் பெட்டி, ஒரு பொத்தான். ஒவ்வொன்றுக்கும் உரை, நெடுவரிசை எண், வரிசை எண் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை இங்கேயும் 1-இல் தொடங்கும். லேபிள் 1, 1-இல். எழுத்துப் பெட்டி 1, 2-இல். பொத்தான் 1, 3-இல். பொத்தானுக்கு மட்டும் உரைக்கு அடுத்து, அழுத்தினால் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனின் பெயர் வரும்.

பெயர் மட்டும். 'சேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் அடைப்புக்குறியும் போட்டு எழுதிவிட்டால், பெட்டி உருவாகும்போதே அந்த ஃபங்ஷன் ஓடிவிடும். பொத்தானுக்குக் கூப்பிட ஒரு ஃபங்ஷனே கிடைக்காது. அடைப்புக்குறி போட்டால் நாம் கூப்பிடுகிறோம். போடாவிட்டால் பிளேயர் கூப்பிடுவதற்காகக் கொடுத்துவைக்கிறோம். மேலே சொன்ன தலைகீழ் உறவு இந்த ஒரு குறியில் அடங்கியிருக்கிறது.

லேபிளையும் எழுத்துப் பெட்டியையும் ஆக்டிவேட்டுக்குள் லோக்கலாக வைத்தால், சேவ் ஃபங்ஷனுக்கு அவை தெரியாது. கோப்பின் மேல்மட்டத்தில் நில் மதிப்போடு அறிவித்துவிட்டு, ஆக்டிவேட்டில் நிரப்புங்கள்.

இனி சேவ். விஎல்சியின் ஆப்ஜெக்ட் பகுதியில் இருக்கும் இன்புட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், இப்போது ஓடும் வீடியோவைக் குறிக்கும் பொருள் கிடைக்கும். எதுவும் ஓடவில்லை என்றால் நில். இதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போனால் எரர். அதனால் முதல் வேலை: நில் என்றால் லேபிளில் "வீடியோ எதுவும் ஓடவில்லை" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இருந்தால், வார் பகுதியின் கெட் ஃபங்ஷனுக்கு அந்தப் பொருளையும் 'டைம்' என்ற சொல்லையும் கொடுக்கலாம். வரும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 3-ஆம் பதிப்பில் அது மைக்ரோவிநாடி.

3725480000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தால் வகுத்து, கீழ்முகமாக முழுஎண்ணாக்கினால் 3725 விநாடி. அதை 3600-ஆல் வகுத்தால் 1 மணி, மீதி 125. அதை 60-ஆல் வகுத்தால் 2 நிமிடம், மீதி 5. ஸ்ட்ரிங் ஃபார்மேட்டில் இரண்டு இலக்கம், முன்னால் சுழியம் என்று கேட்டால் 01:02:05. முழுஎண்ணாக்க மேத் ஃப்ளோரையே பயன்படுத்துங்கள். ஃபார்மேட் தானாக வெட்டிவிடும் என்று நம்பியிருந்தால் லுவா 5.3-இல் அதே வரி எரர் தரும்.

வீடியோவின் பெயர் இன்புட் ஐட்டத்தின் நேம் மெத்தடில் கிடைக்கும். இங்கே புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைத்துக் கூப்பிட வேண்டும். புள்ளி வைத்தால் அந்தப் பொருள் ஃபங்ஷனுக்குப் போய்ச் சேராது. எரர் செய்தியும் காரணத்தை நேரடியாகச் சொல்லாது. பயனர் தட்டிய குறிப்பை எழுத்துப் பெட்டியின் கெட்_டெக்ஸ்ட் தரும்.

எழுதும் கோப்பை எங்கே வைப்பது? கான்ஃபிக் பகுதியின் யூசர்டேட்டாடிர் ஃபங்ஷன், விஎல்சிக்கான ஃபோல்டரைச் சொல்லும். அதோடு ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர். லுவாவின் சொந்த ஐஓ ஓப்பனுக்குப் பதில், விஎல்சி தரும் ஐஓ ஓப்பனைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் பயனர் பெயரோ ஃபோல்டர் பெயரோ தமிழில் இருந்தால் லுவாவுடையது தடுமாறும்; விஎல்சியுடையது யூடிஎஃப்-8 பாதையைச் சரியாக எடுத்துக்கொள்ளும். திறக்கும் முறை 'ஏ', அதாவது பின்னால் சேர்ப்பது. 'டபிள்யூ' என்று கொடுத்தால் ஒவ்வொரு அழுத்தலிலும் பழைய குறிப்பெல்லாம் அழிந்து, கடைசி ஒன்று மட்டும் மிஞ்சும். திரும்பி வந்தது நில்லா என்று பார்த்து, எழுதி, மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் எழுதியது வட்டுக்குப் போகாமலே தங்கியிருக்கலாம்.

கடைசியாக லேபிளை "01:02:05 குறிக்கப்பட்டது" என்று மாற்றுகிறோம். இந்த மாற்றம் நம் ஃபங்ஷன் முடிந்து திரும்பிய பிறகுதான் திரையில் தெரியும். நீளமான வேலையின் நடுவில் "தேடுகிறது..." என்று காட்ட வேண்டுமானால் டயலாக்கின் அப்டேட்டைக் கூப்பிட வேண்டும்.

இன்னும் இரண்டு சிறிய ஃபங்ஷன்கள் பாக்கி. பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியைப் பயனர் அழுத்தினால் க்ளோஸ் கூப்பிடப்படும். அதற்குள் விஎல்சியின் டீஆக்டிவேட்டைக் கூப்பிட வேண்டும். இதை எழுதாவிட்டால் பெட்டி மறைந்தாலும் எக்ஸ்டென்ஷன் உயிரோடுதான் இருக்கும். மெனுவில் டிக் அப்படியே நிற்கும், அடுத்த கிளிக் அதை மூடவே பயன்படும், திறக்க இரண்டாவது கிளிக் வேண்டும். டீஆக்டிவேட் என்ற பெயரிலேயே நாமும் ஒரு ஃபங்ஷன் வைத்திருக்க வேண்டும், காலியாக இருந்தாலும்.

இந்தப் பெயர்களில் ஓர் எழுத்து பிசகினாலும் பிளேயர் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்காது. நாம் வைத்த ஃபங்ஷன் அப்படியே கிடக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள், எரர்கூட வராமல் போகலாம். ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

ஓடவில்லை என்றால் எங்கே பார்ப்பது

டூல்ஸ் மெனுவில் மெசேஜஸ், அல்லது கன்ட்ரோலோடு எம். அந்த ஜன்னலில் விவர அளவை 2 என்று வைத்து, வடிகட்டியில் லுவா என்று தட்டினால் நம் ஸ்கிரிப்ட் தொடர்பான வரிகள் மட்டும் நிற்கும். எரர் என்றால் கோப்பின் பெயரோடு வரி எண்ணும் இருக்கும். நிரலுக்குள்ளிருந்து செய்தி அனுப்ப விஎல்சியின் எம்எஸ்ஜி பகுதியில் டிபிஜி, இன்ஃபோ, வார்ன், எர் என நான்கு ஃபங்ஷன்கள் உண்டு. வெறும் பிரிண்ட் போட்டு எதுவும் தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கோப்பை மாற்றிய பிறகு ஒவ்வொரு முறையும் பிளேயரை மூடித் திறக்க வேண்டியதில்லை. டூல்ஸ் மெனுவின் பிளகின்ஸ் ஜன்னலில் எக்ஸ்டென்ஷன்களை மறுபடி ஏற்றும் பொத்தான் இருக்கிறது.

இணையத்திலிருந்து எதையாவது எடுக்கும் எக்ஸ்டென்ஷன்களில் அடிக்கடி வரும் காட்சி இது: பத்து விநாடி ஆனதும் "இந்த எக்ஸ்டென்ஷன் பதிலளிக்கவில்லை, நிறுத்திவிடலாமா?" என்று விஎல்சி பயனரிடம் கேட்கும். பிளேயரிடம் ஒரு காவல் கடிகாரம் இருக்கிறது. கூப்பிட்ட ஃபங்ஷன் 10 விநாடிக்குள் திரும்பாவிட்டால் அது மணியடிக்கும். நீண்ட வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு கீப்_அலைவ் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து எண்ணும். அதற்காகக் காலவரம்பில்லாத லூப்புக்குள் கீப்_அலைவைப் போட்டு எக்ஸ்டென்ஷனைப் பின்னணிச் சேவையாக்கப் பார்ப்பது குறுக்குவழி. பொத்தான் அழுத்தல்கள் எதுவும் உங்களை வந்து சேராது. தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் அதற்கு இன்டர்ஃபேஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதேபோல, ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். இரண்டாவதைத் திறந்தால் எரர். முதலில் இருப்பதை டெலீட் செய்ய வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. லுவா எழுத்துகளை எண்ணாது, பைட்டுகளைத்தான் எண்ணும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, குறியீடுகளாக த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, லுவாவுக்கு 15. இடைவெளி இல்லாத நீளமான தமிழ்ப் பெயரை 40-இல் வெட்டினால், 40 மூன்றின் மடங்கு இல்லை என்பதால் கடைசியில் ஒரு குப்பைக் குறி வந்து நிற்கும். 39-இல் வெட்டினாலும் கொம்பும் புள்ளியும் பிரிந்துபோகலாம். முடிந்தால் வெட்டாமலே விடுங்கள்.

எம்பிவியில் இதே வேலை

எம்பிவி, எம்பிளேயர் வழிவந்த பிளேயர். மெனுவும் பெட்டியும் கிட்டத்தட்ட இல்லை, விசைப்பலகைதான் எல்லாம். அதனால் நம் நேரக் குறிப்பு இங்கே ஒரு விசை. ஸ்கிரிப்டுகள் எம்பிவியின் அமைப்பு ஃபோல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருந்தால் போதும். பிளேயர் திறக்கும்போதே தானாக ஏறிவிடும். விஎல்சியில் ஒவ்வொரு முறையும் மெனுவில் கிளிக் செய்து எழுப்ப வேண்டிய தொல்லை இங்கே இல்லை. பின்னணியில் எப்போதும் விழித்திருக்க வேண்டிய வேலை என்றால் எம்பிவி எழுதுவதற்கு இன்னும் சுகமான இடம் என்பது எங்கள் கணிப்பு.

ஆட்_கீ_பைண்டிங்கில் விசை, பெயர், ஃபங்ஷன் மூன்றையும் கொடுக்கிறோம். ஃபங்ஷனுக்குள் டைம்-பாஸ் என்ற ப்ராப்பர்ட்டியை எண்ணாகக் கேட்டால் விநாடியே நேராக வரும், தசமத்தோடு. வீடியோ இல்லை என்றால் நில். எழுதி முடித்ததும் ஓஎஸ்டி_மெசேஜில் 2 விநாடிக்கு ஒரு வரி காட்டலாம். மொத்தம் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும். பெயர் கொடுப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள். நாம் வைத்த விசை பிடிக்காத பயனர், அந்தப் பெயரை வைத்துத்தான் தன் அமைப்புக் கோப்பில் வேறு விசைக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

டைம்-பாஸை அப்சர்வ்_ப்ராப்பர்ட்டியில் போட்டால் நேரம் மாறும்போதெல்லாம் கூப்பிடு வரும், அதாவது விநாடிக்குப் பல முறை. அதற்குள் கோப்பில் எழுதும் வேலையை வைத்தால் வட்டு ஓயாது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை போதுமென்றால் பீரியாடிக் டைமர் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதலாம். ஆனால் உள்ளே இருக்கும் மியூஜேஎஸ் இயந்திரத்துக்கு ஐந்தாம் பதிப்பு இலக்கணம்தான் தெரியும். அம்புக்குறி ஃபங்ஷனோடு எழுதிப் பழகியவர்கள் பழைய நடைக்குத் திரும்ப வேண்டும்.

சி மொழிக்கு எப்போது போவது

படத்தின் ஒவ்வொரு பிரேமையும் மாற்ற வேண்டும், புதிய கோப்பு வடிவத்தைப் பிரிக்க வேண்டும் என்றால் லுவா போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920×1080 பிரேம் ஒன்று, நிறத் தகவலைக் குறைத்துவைக்கும் வழக்கமான 4:2:0 அமைப்பில், ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம் 31,10,400 பைட். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒன்பது கோடி பைட்டுக்கு மேல். அதை ஒவ்வொன்றாக லுவாவில் தொட்டு முடிவதற்குள் வீடியோ திக்கித் திணறும்.

விஎல்சியின் சி மாட்யூலில் டிஸ்கிரிப்டர் வேலையை விஎல்சி_மாட்யூல்_பிகின், விஎல்சி_மாட்யூல்_எண்ட் என்ற இரண்டு மேக்ரோக்களுக்கு நடுவில் செய்கிறோம்: பெயர், வகை, முன்னுரிமை எண், திறக்கவும் மூடவும் ஆன இரண்டு ஃபங்ஷன்கள். ஒரே வகையில் பல மாட்யூல்கள் இருந்தால் முன்னுரிமை எண் அதிகமானதை விஎல்சி முதலில் திறந்து பார்க்கும். அது "எனக்கு இது ஆகாது" என்று திருப்பினால் அடுத்தது. 0 என்று வைத்தால் யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே வரும். கற்றுக்கொள்ளும்போது அதுவே பத்திரம்.

கம்பைல் ஆன கோப்பின் பெயர் கீழ்க்கோடும் பிளகினும் சேர்ந்து முடிய வேண்டும், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாது. பெயர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், விஎல்சி தன் பிளகின் பட்டியலை ஒரு கேஷ் கோப்பில் சேமித்துவைத்திருப்பது காரணமாக இருக்கலாம். ரீசெட்-பிளகின்ஸ்-கேஷ் என்ற ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். இன்னொரு காரணம் பதிப்பு: மாட்யூலின் நுழைவு ஃபங்ஷன் பெயரிலேயே விஎல்சியின் பதிப்பு எண் ஒட்டியிருக்கும். வேறு பெரும்பதிப்பின் தலைப்புக் கோப்புகளை வைத்துக் கட்டியது ஏறாது.

படத்தைத் தொடும் முதல் முயற்சியில் படம் சாய்ந்து, கோடுகோடாக இழுபட்டு வந்தால், பிட்ச்சை மறந்துவிட்டீர்கள். நினைவகத்தில் ஒரு வரிசையின் நீளம்தான் பிட்ச்; அது திரையில் தெரியும் அகலத்தைவிட அதிகமாக இருக்கலாம். ஓரத்தில் நிரப்புப் பைட்டுகள் இருக்கும். அடுத்த வரிசைக்குத் தாவ பிட்ச்சையும், வரிசைக்குள் ஓட தெரியும் அகலத்தையும் பயன்படுத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் சில வீடியோக்களில் சரியாக வந்து, சிலவற்றில் மட்டும் சாயும். உள்ளே வந்த பிரேமை விடுவிக்க மறந்தாலோ, சிறிது நேரத்தில் பிளேயர் உறையும் அல்லது நினைவகம் வீங்கும். லுவாவில் தப்பு செய்தால் ஒரு எரர் வரி. இங்கே பிளேயரே விழும்.

வெளியிடும் முன்

உரிமம் எழுதாத நிரல் திறந்த மூலம் ஆகாது. மற்றவர்கள் பார்க்கலாம், சட்டப்படி எடுத்து மாற்ற முடியாது. தனியாக எழுதிய லுவா ஸ்கிரிப்டுக்கு எம்ஐடி, ஜிபிஎல் எதுவும் வைக்கலாம். விஎல்சியின் மையப் பகுதி எல்ஜிபிஎல் 2.1, மாட்யூல்களில் சில இன்னும் ஜிபிஎல். ஜிபிஎல் மாட்யூல் ஒன்றிலிருந்து நிரலை எடுத்து ஒட்டியிருந்தால் உங்களுடையதும் ஜிபிஎல்தான்.

ரீட்மீயில் எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள் என்பதையும், கோப்பை வைக்க வேண்டிய ஃபோல்டரையும் எழுதினால் வரும் கேள்விகள் பாதியாகும். ஸ்கிரிப்ட் எந்தக் கோப்பில் எழுதுகிறது, இணையத்தில் எங்கே போகிறது என்றும் சொல்லிவிடுங்கள். இந்த ஸ்கிரிப்டுகளுக்குப் பயனரின் எல்லா அனுமதியும் உண்டு; நல்ல பயனர் நிரலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நிறுவுவார்.

பதிப்பு மாற்றத்துக்கும் இப்போதே ஓர் இடம் விட்டுவையுங்கள். விஎல்சியின் 4-ஆம் பதிப்புக்கான நிரலில், நாம் நேரம் கேட்ட அந்த இன்புட் பொருள் நீக்கப்பட்டு, பிளேயர் என்ற புதிய பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. "இப்போது எத்தனை விநாடி?" என்று கேட்கும் வரிகளை ஒரே ஒரு சிறு ஃபங்ஷனுக்குள் அடைத்துவைத்திருந்தால், அன்றைக்கு மாற்ற வேண்டியது அந்த நான்கு வரி மட்டும்.